தோத்திரமும் ஆசீர்வாதமும்

கெடா மாநிலத்தின் மேற்குக் கரையில், ஜெராய் மலையின் அடிவாரத்தில் யான் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள அம்மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த பண்டை மாலுமிகளுக்குத் தொலைவிலேயே கரைகாட்டி நின்றது. அதன் தென்புறத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. அதற்கும் தெற்கே செபராங் பிறை. செபராங் பிறையில் 1834ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது என அறிஞர் கருதும் அக்கல், பின்னர்க் கல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் பெயரும், கடற்பயணம் எல்லா வகையானும் கைகூடுக என்னும் வாழ்த்தும் அதில் வடமொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. கடாரத்தை அடுத்த நிலப்பகுதியில் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, போர்ச் செய்தியாகவோ கொடைச் செய்தியாகவோ அமையாமல், வழிச்செல்வோனுக்கு உரைத்த வாழ்த்தாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி அதே கடலைக் கடந்து பல்லாயிரம் தமிழர் கெடாவின் தோட்டங்களுக்கு வந்தனர். அவருள் ஒரு சிறு பகுதியினர் கிறித்தவர். உடைமை என்று பெரிதாக ஒன்றும் கொண்டுவராத அம்மக்கள் இரண்டு சொற்களைக் கொண்டு வந்தனர்: ஒன்று தோத்திரம், மற்றொன்று ஆசீர்வாதம். கண்டவுடன் சொல்வது முன்னது. அதற்கு மறுமொழியாகக் கிடைப்பது பின்னது. இவ்விரு சொற்களையும் யார் யாருக்குச் சொல்லலாம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ் மரபும் கிறித்தவ மறைநூலும் ஒன்றையொன்று உரசிக்கொண்ட இடம் அது.

முதற்கண் சொற்களைப் பார்த்தல் வேண்டும். கிரேக்கத்தில் ஆசியைக் குறிக்கும் 'யூலோகியா' என்னும் சொல்லுக்கு 'நல்ல பேச்சு' என்பதே பொருள். இலத்தீனில் 'பெனெதிக்சியோ' என்பதும் அவ்வாறே: நன்மை கூறுதல். வடமொழியில் 'ஆசீர்வாதம்' ஆசியாகிய வாதம், அஃதாவது ஆசி மொழி. ஆக மூன்று மொழிகளிலும் ஆசி என்பது கையசைவன்று, வாய்ச்சொல். தமிழின் 'வாழ்த்து' இவற்றினும் ஒருபடி மேலே செல்கின்றது. 'வாழ்' என்னும் தன்வினையின் பிறவினை அது; வாழச் செய்தல் என்பது அதன் வேர்ப்பொருள். எனினும், தமிழ்க் கிறித்தவம் தன் தொடக்கக் காலத்தில் வாழ்த்தைவிட ஆசீர்வாதத்தையே மிகுதியாகத் தழுவியது. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, வடமொழிச் சொற்களைக் கொண்டே மறைச் சொற்களை அமைக்கும் வழியைப் பெருக்கினார். பின் வந்தோர் பலரும் அவ்வழியே சென்றனர். ஆசீர்வாதம் அவர்கள் புதிதாய்ப் படைத்த சொல்லன்று. வேதியர் சடங்குகளில் முன்பே வழங்கியதைக் கிறித்தவர் எடுத்தாண்டனர். அச்சொல் ஆட்பெயராகவும் ஆயிற்று. பெனடிக்ட் என்னும் துறவியின் பெயரைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதம் என்றே மொழிபெயர்த்துத் தம் பிள்ளைகளுக்கு இட்டனர். பேதுருவை இராயப்பன் என்றும், பவுலைச் சின்னப்பன் என்றும், யோவானை அருளப்பன் என்றும் ஆக்கிய அதே மரபு இது. மலாயாத் தோட்டங்களின் பெயர்ப் பட்டியல்களிலும் இப்பெயர்கள் இடம்பெற்றன.

சடங்கிலிருந்து வந்த சொல், சடங்குக்குரிய படிநிலையையும் உடன்கொண்டு வந்தது. ஆசீர்வாதம் மேலிருந்து கீழே வருவது. குரு சீடனுக்கும், பெற்றோர் மக்களுக்கும், முதியவர் இளையவருக்கும் கூறுவது. தமிழரிடம் முன்னரே வேரூன்றியிருந்த எண்ணமும் இதுவே. 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்று திருமண மேடைகளில் இன்றும் கேட்கும் தொடர் அவ்வெண்ணத்தின் வெளிப்பாடு. வயதில் இளையவன் மூத்தவரை வாழ்த்துவது மரபுப் பிழை, வணங்குவதே அவனுக்குரியது.

கிறித்தவ மறைநூல் இதை மறுக்கின்றதா? ஓரிடத்தில் உடன்படுகின்றது. எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் இயல், சிறியவர் பெரியவரிடம் ஆசி பெறுவது ஐயத்திற்கு இடமற்றது என்றே கூறும். ஆனால், அதே புதிய ஏற்பாட்டில் லூக்காவின் ஆறாம் இயலும், உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் இயலும், பேதுருவின் முதல் திருமுகமும் வேறொன்றைக் கட்டளையிடுகின்றன. சபிப்பவரையும் துன்புறுத்துபவரையும்கூட ஆசீர்வதிக்க வேண்டும் என்பது அக்கட்டளை. துன்புறுத்துபவன் பெரும்பாலும் வலியவன், துன்புறுபவன் எளியவன். ஆகவே, எளியவன் வலியவனுக்கு ஆசி கூற வேண்டும் என்றாகின்றது. வாழ்த்த வயதும் தகுதியும் வேண்டும் என்று பழகிய தமிழ்ச் செவிக்கு இக்கட்டளை எளிதில் ஏற்றிருக்காது.

மொழிபெயர்ப்பாளர் இத்தடையை உணர்ந்திருந்தனர் என்பதற்குத் தமிழ் விவிலியமே சான்று. எபிரேயத்தில் 'பாரக்' என்னும் ஒரே வினை இரு திசையிலும் செல்லும். கடவுள் மனிதனைப் 'பாரக்' செய்வார்; மனிதனும் கடவுளைப் 'பாரக்' செய்வான். ஆங்கிலத்திலும் அவ்வாறே ஒரு சொல்லைக் கொண்டு இரண்டையும் சொல்ல இயன்றது. தமிழில் இயலவில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழுவால் 1871ஆம் ஆண்டில் நிறைவு பெற்று, சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்ற பழைய மொழிபெயர்ப்பில், கடவுளிடமிருந்து மனிதனுக்கு வருவது ஆசீர்வாதம். மனிதனிடமிருந்து கடவுளுக்குச் செல்வது பெரும்பாலும் ஸ்தோத்திரம். 103ஆம் சங்கீதத்தையும் எண்ணாகமத்தின் ஆறாம் இயலையும் அருகருகே வைத்து நோக்குவோர், எபிரேயத்தின் ஒரே சொல் தமிழில் இரண்டாய்ப் பிரிந்திருப்பதைக் காணலாம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் சொற்களைத் தமிழாக்கியதே தவிரப் பிரிவை நீக்கவில்லை. ஆசி என்றும் போற்றுதல் என்றும் இரண்டாகவே வைத்துக்கொண்டது. மொழிபெயர்ப்பாளரின் குறை என்று இதனைக் கொள்வதற்கில்லை. கீழிருப்பவர் மேலிருப்பவரை ஆசீர்வதித்தார் என்பது தமிழில் ஒலிக்கும் முறையை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆனால், தமிழ் இலக்கணத்திலேயே இத்தடைக்கு ஒரு வழி திறந்திருந்தது. வாழ்க, வளர்க, பொலிக என வருவனவற்றை வியங்கோள் என்கிறோம். அவ்வினைமுற்று தன்மையிலும் முன்னிலையிலும் பெரிதும் நிலைபெறாது என்பது தொல்காப்பியர் கொள்கை. பின்வந்த நன்னூலாரே மூவிடத்திற்கும் உரியதாக்கினார். 'யான் உன்னை வாழ்விக்கிறேன்' என்பது தன்மைக் கூற்று. அதைச் சொல்பவனுக்கு உயர்வும் ஆற்றலும் வேண்டும். 'அவர் உன்னைக் காப்பாராக' என்பது படர்க்கை. அதைச் சொல்ல ஒருவனுக்கு வேண்டுவது நல்லெண்ணம் ஒன்றே. தொல்காப்பியர் கூறும் வாழ்த்து வகைகளுள் புறநிலை வாழ்த்து என்பது இத்தகையது. நீ வழிபடும் தெய்வம் நின்னைக் காப்ப, நின் வழி சிறந்து பொலிக என்னும் பொருள்பட அமைவது அது. காப்பது தெய்வம், பாடுபவன் வேண்டி நிற்பவன். எண்ணாகமத்தின் ஆறாம் இயலில் ஆரோன் மக்களுக்குக் கூறும் ஆசியும் முழுவதும் இதே அமைப்பினது. அதன் மூன்று அடிகளிலும் எழுவாய் கடவுளே. குருவாகிய ஆரோன் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் கூறுவதில்லை. எருசலேமின் கெத்தேப் இன்னோம் என்னுமிடத்தில் 1979ஆம் ஆண்டு அகழ்ந்தெடுத்த இரு சிறு வெள்ளிச் சுருள்களில் இவ்வாசியின் பகுதிகள் காணப்பட்டன. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய அவையே விவிலியச் சொற்களைத் தாங்கிய மிகப் பழைய எழுத்துகள் என்பர். இன்று கிடைக்கும் விவிலிய எழுத்துகளிலும் ஆசி மொழியே முந்திநிற்கின்றது.

யான் என்னும் ஊர்ப்பெயர் தமிழாசிரியர் செவிக்குத் தன்மை ஒருமைப் பெயராகவே ஒலிக்கும். அவ்வொற்றுமை தற்செயலே. எனினும், ஆசி மொழியில் விலக வேண்டிய சொல் எதுவோ அதுவே ஊர்ப்பெயராக நிற்பது சுவையானது.

இளையவர் மூத்தவரை வாழ்த்துவதற்குச் சங்க இலக்கியத்திலேயே இடம் உண்டு. ஐங்குறுநூற்றின் முதற்பத்தாகிய வேட்கைப் பத்தை நினைவுகூரலாம். பரத்தையை நாடிச் சென்ற தலைவன் திரும்பி வருகின்றான். அவன் பிரிந்திருந்த காலத்தில் தலைவி என்ன செய்தாள் என்பதைத் தோழி சொல்கின்றாள். அவள் அழுதாள், பழித்தாள் என்று சொல்லவில்லை. அரசன் வாழ்க, நெல் பொலிக, பகை தணிக என நாட்டிற்கு நன்மையே விழைந்திருந்தாள் என்கின்றாள். தவறிழைக்கப்பட்ட ஒருத்தி, தன் துன்பத்தைப் பொருட்படுத்தாது, தனக்கு மேலுள்ள அரசனை வாழ்த்துகின்றாள். மருதத்திணைப் பாடலில் நிகழ்ந்த இதனைக் கிறித்தவக் கட்டளையோடு ஒன்றென்று சொல்வது மிகை. ஆயினும், வாழ்த்துக்கு வயது வேண்டும் என்பது மட்டுமே தமிழ் மரபு என்று வாதிடுவோர் இப்பத்தையும் ஒருமுறை படித்தல் நலம்.

தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் இளையோர் மூத்தோர்மீது ஆசி மொழி கூறிய செய்தி மிகப் பழையது. பிரான்சிசு சவேரியார் 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றினார். 1544ஆம் ஆண்டு சனவரித் திங்கள் கொச்சியிலிருந்து உரோமையிலிருந்த தம் தோழருக்கு அவர் எழுதிய மடலில் ஒரு செய்தி வருகின்றது. நோயாளிகளின் வீட்டிற்கு வந்து இறைமொழிகளைச் சொல்லுமாறு எண்ணற்றோர் அழைத்தனர். அவர் ஒருவரால் எல்லா இடத்திற்கும் செல்ல இயலவில்லை. ஆகவே, மன்றாட்டுகளைக் கற்றிருந்த சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். சிறுவர்கள் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் கூட்டி நம்பிக்கை அறிக்கையைப் பலமுறை சொல்லி, நோயாளிக்கு உறுதி கூறினர். பத்து வயதுப் பிள்ளை படுக்கையில் கிடக்கும் தாத்தாவின்மேல் இறைமொழி கூறுவது அக்கடற்கரையில் அதற்கு முன் காணாத காட்சியாக இருந்திருக்கும். குரு இல்லாத குறையே அவ்வழக்கத்தைப் பிறப்பித்தது. அடுத்த ஆண்டு, 1545இல், சவேரியார் மலாக்காவுக்கு வந்தார்.

எஞ்சிய சிக்கலைத் தோத்திரம் என்னும் சொல் தீர்த்தது. ஐரோப்பியக் கத்தோலிக்கரிடையே இயேசு புகழப்படுக என்று கூறி ஒருவரையொருவர் வரவேற்கும் வழக்கம் இருந்தது. 1587ஆம் ஆண்டில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்னும் பாப்பரசர் அதற்குப் பலன்களை அளித்து ஊக்குவித்தார். அவ்வழக்கத்தின் தமிழ் வடிவமாகவே தோத்திரம் தோன்றுகின்றது. கத்தோலிக்க ஊர்களில் பங்குச் சாமியாரைக் கண்டால் 'தோத்திரம் சாமி' என்பர். அவர் 'ஆசீர்வாதம்' என்பார். சீர்திருத்தச் சபையினரும் ஒருவரையொருவர் காணும்போது தோத்திரம் சொல்லினர். இங்கே கீழிருப்பவர் மேலிருப்பவரை வாழ்த்தவுமில்லை, வணங்கவுமில்லை. இருவரும் சேர்ந்து மூன்றாமவராகிய கடவுளைப் புகழ்கின்றனர். கும்பிடு என்பதில் உள்ள தாழ்வும் இதில் இல்லை. வாழ்த்து என்பதில் உள்ள உயர்வும் இல்லை. தமிழ்க் கிறித்தவர் தம் பேச்சு வழக்கில் கண்ட இத்தீர்வு மொழிபெயர்ப்புக் குழுக்களின் தீர்வைவிட நேர்த்தியானது என்றே சொல்ல வேண்டும்.

கெடாவில் கிறித்தவம் தோட்டங்களுக்கு முந்தியது. சயாமிலிருந்து வந்த பிரெஞ்சுக் குருமாரும் அவரைச் சார்ந்த கிறித்தவரும் 1781ஆம் ஆண்டையொட்டிக் குவாலா கெடாவில் குடியேறினர். 1786இல் பிரான்சிசு லைட் பினாங்கைக் கைக்கொண்டபோது கார்னோ என்னும் குருவும் அக்கிறித்தவரும் அங்குப் பெயர்ந்தனர். அவர்கள் தமிழரல்லர். தமிழ்க் கத்தோலிக்கர் பெருகியது பின்னரே. பினாங்கில் சவேரியார் ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர் ஆலயமாயிற்று. பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் 1880-களில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பு ஒன்றை அமைத்த பே அடிகளார், 1896இல் மலாக்கா ஆயரானார். கெடா 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் செல்வாக்கிற்குட்பட்டது. அதன் பின்னர் ரப்பர் பயிர் பெருகிற்று. யான் கரை நெல் விளையும் பூமி. அதற்குக் கிழக்கிலும் தெற்கிலும் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் பக்கங்களில் பால்மரக் காடுகள் விரிந்தன. கங்காணிகள் ஊர் ஊராய்ச் சென்று ஆள் சேர்த்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை கப்பல்கள் ஓயவில்லை.

அத்தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடைபெறும். தப்பு அல்லது மணி ஒலிக்க, ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்பர். கிராணி பெயர் படிப்பார். தண்டல் ஆளைப் பிரிப்பார். ஒரு நாளின் முதற்சொல்லாகத் தொழிலாளியின் செவியில் விழுந்தது அவன் பெயரும் ஒரு கட்டளையும். வராதவனுக்கும் பிந்தி வந்தவனுக்கும் வசைச்சொல். வசை அங்கே வேலையின் ஓர் உறுப்பாகவே இருந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்கினால் இது விளங்கும். கூலி உயர்வோடு, மேலாளரைக் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்குமாறும் அவர்கள் கேட்டனர். வயிற்றுக்கு வேண்டியதோடு மதிப்பையும் சேர்த்துக் கேட்ட போராட்டம் அது. கிள்ளான் கெடாவுக்குத் தொலைவுதான். ஆனால் துரை, கிராணி, தண்டல் என்னும் அடுக்கு எல்லாத் தோட்டத்திற்கும் பொதுவானது.

இப்பின்னணியில் பழைய ஏற்பாட்டின் ரூத்து என்னும் சிறு நூலின் இரண்டாம் இயலைப் படித்தல் வேண்டும். பெத்லகேமில் வாற்கோதுமை அறுவடை நடக்கின்றது. நிலக்கிழாராகிய போவாஸ் ஊரிலிருந்து வயலுக்கு வருகின்றார். வந்தவர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆண்டவர் உங்களோடு இருக்கட்டும் என்னும் பொருள்பட அறுவடைக்காரரை முதலில் வாழ்த்துகின்றார். அவர்களும் ஆண்டவர் உமக்கு ஆசி வழங்கட்டும் என்று திருப்பி வாழ்த்துகின்றனர். அதன் பின்னரே கண்காணியிடம் வேலைப் பேச்சு தொடங்குகின்றது. அங்கும் கண்காணி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால், முதலாளிக்கும் கூலியாளுக்கும் இடையே நாளின் முதற்சொல் ஆசியாக இருக்கின்றது. அது இருபுறமும் செல்கின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் கூலியாட்களின் வாயிலும் ஆசீர்வதித்தல் என்னும் வினையையே வைத்தது. படர்க்கையில் அமைந்த வாழ்த்தாகையால் மரபு தடுக்கவில்லை போலும். 129ஆம் சங்கீதத்தின் இறுதியும் அறுவடைக்காரரை வழிப்போக்கர் வாழ்த்தும் வழக்கத்தைக் குறிப்பதால், போவாஸ் கூறியது தனி ஒருவரின் பெருந்தன்மை மட்டுமன்று, அந்நாட்டு வயல் வழக்கமே என்று தெரிகின்றது. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட யூதரின் மிஷ்னாவும், ஒருவரையொருவர் இறைப்பெயரால் வாழ்த்த வேண்டும் என்பதற்குப் போவாஸின் சொல்லையே மேற்கோளாகக் காட்டும்.

இவ்வயல் வாழ்த்து அங்கேயே நின்றுவிடவில்லை. இலத்தீன் விவிலியத்தில் அது 'தோமினுஸ் வோபிஸ்கும்' என்று வரும். கத்தோலிக்கப் பூசையில் குரு மக்களை நோக்கிப் பலமுறை கூறும் வாழ்த்து அச்சொற்களே. கூலியாட்களை நோக்கி வயலில் எழுந்த வாழ்த்து பலிபீடத்தின் வாழ்த்தாயிற்று. நூற்றாண்டுகள் பல கடந்து, மாதத்திற்கொருமுறையோ அதனினும் அரிதாகவோ பூசை நடந்த தோட்டத்துச் சிற்றாலயங்களில், பால் வெட்டிக் காய்ப்பேறிய கைகளைக் கூப்பி நின்ற தமிழர் அதைக் கேட்டனர். மொழி விளங்கவில்லை. தம்மைப் போன்ற வயலாட்களுக்கு ஒரு முதலாளி சொன்ன காலை வாழ்த்தே அது என்பதை அவர்களிடம் எடுத்துரைத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட பின்னரே தாய்மொழிப் பூசைக்கு வழி பிறந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் அவ்வாழ்த்து தமிழில் கேட்டது. தமிழிலேயே மறுவாழ்த்தும் கூறினர்.

சாமியார் வராத நாட்களில் தோட்டத்துக் கிறித்தவரைத் தாங்கியவர் உபதேசியாரும் லயத்து மூத்தோருமே. மாலை மன்றாட்டு, நோயாளி வீட்டுச் செபம், இறந்தோர் வீட்டுச் செபம் ஆகியவை அவர் பொறுப்பு. சவேரியார் காலத்துக் கடற்கரையில் நேர்ந்த அதே குறை இங்கும் அதே பயனைத் தந்தது: ஆசி மொழி குருவின் வாயிலிருந்து இறங்கி வீட்டாரின் வாய்க்கு வந்தது. பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவைக் குறியிட்டுப் பள்ளிக்கு அனுப்பும் தாய், தான் ஒரு சடங்கு செய்வதாக எண்ணியதில்லை. திருச்சபை இதனை நூலில் எழுதியது நெடுங்காலத்திற்குப் பின்னரே. 1984ஆம் ஆண்டு உரோமை வெளியிட்ட ஆசிமொழி நூல், சில ஆசிகளைப் பொதுநிலையினரும், சிறப்பாகப் பெற்றோர் தம் மக்களுக்கும், கூறலாம் என வரையறுத்தது. தென்னிந்தியத் திருச்சபை, 1947ஆம் ஆண்டு தோன்றிய சில ஆண்டுகளுக்குள் தன் வழிபாட்டு முறையில் சமாதான வாழ்த்தைக் கைக்குக் கை கொடுக்கும் பழைய கேரளச் சிரிய வழக்கத்தை எடுத்துக்கொண்டது. அங்கே பீடத்தில் தொடங்கும் வாழ்த்து கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளை வரை கை மாறிச் செல்லும்.

சமாதானம் என்னும் சொல் கெடாவில் தனிப் பொருத்தம் உடையது. வீட்டில் நுழையும்போது முதலில் அவ்வீட்டிற்குச் சமாதானம் கூறுமாறு இயேசு சீடர்க்குச் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அண்டை மலாய்க்காரர் நாள்தோறும் கூறும் சலாமும், எபிரேயரின் சாலோமும் ஒரே வேரில் பிறந்தவை. உனக்குக் கூறிய வாழ்த்தைவிடச் சிறந்ததையோ, அதற்கு இணையானதையோ திருப்பிக் கூறுக என்பது குர்ஆனின் நான்காம் இயலில் உள்ள அறிவுரை. போவாஸின் வயலில் நடந்ததும் அதுவே. ஆண்டுதோறும் சூலை 26ஆம் நாளையொட்டிப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருத்தலத்திற்குக் கெடாவிலிருந்தும் தமிழர் செல்வர். 1846இல் சிறு குடிலாகத் தொடங்கி 2019இல் பசிலிக்கா என்னும் நிலைக்கு உயர்ந்த அவ்விடத்தில் தமிழரும் சீனரும் ஒரே கூட்டத்தில் நின்று ஆசி பெறுகின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகின்றது. அண்மைக் காலத்தில் சில சபைகளில், வாயால் நன்மையை அறிக்கையிட்டால் அது நடந்தே தீரும் என்னும் போதனை பரவியுள்ளது. செல்வம் வருக என்று சொன்னால் செல்வம் வரும் என்பது அதன் சுருக்கம். அறம் பாடினால் அரசன் மாள்வான் என்று நம்பிய தமிழருக்கு இது புதிதன்று. ஈசாக்கு யாக்கோபுக்குக் கூறிய ஆசியைத் திரும்பப் பெற இயலாமற் போனதையும் சிலர் சான்று காட்டுவர். ஆனால், அந்தோணி திசெல்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டியபடி, விவிலியத்தில் ஆசியின் வலிமை சொல்லுக்குள் உறையும் மந்திர ஆற்றலன்று. சொல்பவர், கேட்பவர், அவர்க்கிடையே உள்ள முறைமை ஆகியவற்றால் வருவது. இலக்கணமும் இதற்குத் துணைநிற்கும். வியங்கோளின் பொருள்களாக வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என நான்கைச் சொல்வர். வாழ்க என்பதும் வீழ்க என்பதும் ஒரே ஈறு பெற்றவை. ஈற்றில் மந்திரம் இருந்தால் இரண்டும் ஒருங்கே பலிக்க வேண்டும். ஒரே நாவிலிருந்து ஆசியும் சாபமும் புறப்படுவதை யாக்கோபின் திருமுகம் மூன்றாம் இயலில் கடிந்ததும், பேசுபவனின் உள்ளத்தை நோக்கியே. ஆசி எப்போதும் இனிக்க வேண்டும் என்பதுமில்லை. வேம்பும் கடுவும் போலக் கைப்பினும் பிற்பயன் தரும் சொல்லைத் தொல்காப்பியர் வாயுறை வாழ்த்து என்றே வகைப்படுத்தினார். கள்ளுக்கடைக்குப் போகும் மகனைத் தடுத்து நிறுத்திய லயத்துத் தந்தையின் சொல்லும் வாழ்த்தின்பாற்பட்டதே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் குறைந்தன. கெடாத் தமிழருள் பெரும்பாலோர் நகரங்களையும் அவற்றின் ஓரங்களையும் நாடினர். சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் இளையோர் வாயில் ஆங்கிலத் தோத்திரமே மிகுதி. பழைய தோத்திரம் பாட்டிமாரிடம் எஞ்சியுள்ளது. குடியேறிய மக்கள் என்னும் நிலையில் அவர்கள் படிக்கத்தக்க பகுதி ஆதியாகமத்தின் நாற்பத்தேழாம் இயல். பஞ்சத்தால் நாடுவிட்டு எகிப்துக்கு வந்த யாக்கோபு, 130 வயதில், மகன் யோசேப்பின் கைத்தாங்கலில் பார்வோன் முன் நிற்கின்றார். நிலமில்லை, தானியமில்லை, ஆடு மேய்க்கும் குடி, எகிப்தியர் இழிவாகக் கருதிய தொழில். அவர் பேரரசனுக்கு ஆசி கூறுகின்றார், ஒருமுறையன்று, வரும்போது ஒருமுறையும் விடைபெறும்போது ஒருமுறையும். யூதர் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று இதனை வாழ்த்து வணக்கம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. பழைய தமிழ் மொழிபெயர்ப்போ தயங்காமல், பஞ்சம் பிழைக்க வந்த முதியவர் பார்வோனை ஆசீர்வதித்ததாகவே எழுதிவைத்தது.